ஒரு பங்கு சிரப், ஐந்து பங்கு தண்ணீர்

"கையளவு தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு மீட்டர்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நஃபீசா சண்டைக்கே வந்துவிடுவாள். இதே நஃபீசாதான் போன வருஷம் வரைக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் பண்டோங் என்ற ரோஸ் பால் கலக்குவேன் என்று பேசிக்கொண்டு திரிந்தவள். ஆளை அப்படியே திருப்பிப் போட்டது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

இருபத்தாறு வருஷம் அவளும் அவள் கணவர் ஜமால் முகம்மதுவும் சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஒரு கோப்பிக்கடையில், யாரோ ஒருவருடைய பானக்கடையில் நின்று வேலை பார்த்தார்கள். அவர் தே தாரேக், அதாவது உயர இழுத்து ஆற்றும் நுரைத் தேநீர், போடுவார். இவள் கையில் குளிர்பானங்கள்: பண்டோங், லிமாவ் என்ற எலுமிச்சைச் சாறு, மைலோ. இந்த ஊரில் பானக்கடையில் நின்று பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே நிற்பவர் "சியூ தாய்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சீனிக் கரண்டி பாதியோடு நின்றுவிடும். மலாய்க்காரர் "குராங் மானிஸ்" என்றாலும் அதே கதைதான். இனிப்பைக் குறை என்ற சொல் காதில் விழுந்தால் கை மூளையிடம் அனுமதி கேட்காது. அதை நல்ல குணம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

கோப்பிக்கடை கைமாறியது. புதிய ஆட்கள் வந்தார்கள். ஜமாலின் வலது தோள்பட்டையும் அதே சமயம் பார்த்து மக்கர் செய்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கித் தேநீர் இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆங் மோ கியோ வீட்டில், எட்டாவது மாடியில், காற்றாடியை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று இருவரும் மூன்று மாதம் சண்டை போட்டார்கள். நான்காவது மாதம் நஃபீசா செகண்ட் ஹேண்டில், சர்பத்தைப் பொடி ஐஸாக்கும் ஸ்லஷ் மெஷின் ஒன்று வாங்கிவிட்டாள். ஒற்றைத் தொட்டி, பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். தொட்டிக்குள் குளிர்ந்த உருளை ஒன்று படுத்திருக்கும். அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் திருகு மெதுவாகச் சுழன்று, உருளையின் மேல் பிடிக்கிற ஐஸைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

நிறுத்த இடம் வேண்டுமே. மளிகைக்கடை முத்தையாவைப் போய்ப் பார்த்தாள். தேக்கா பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவர் கடை. ஞாயிற்றுக்கிழமை ஊழியர் விடுதிகளிலிருந்து வரும் பையன்கள் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் போவார்கள். "வாசல்ல கூட்டம் நின்னா உள்ளேயும் நாலு பேரு வருவாங்க" என்று கணக்குப் போட்டு, கடைமுகப்பில் நாலடிக்கு மூன்றடி மூலையை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் அவளுக்குக் கொடுத்தார். லைசென்ஸ் காகிதம் நஃபீசாவின் பெயரிலேயே வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷினுக்கு மேலே மாட்டினாள். இருபத்தாறு வருஷமாக அவள் ஜமால் பாய் சம்சாரம். இந்த நாலடிக்கு மூன்றடிதான் முதன்முதலாக அவளுடையது. அதை விட்டுவிட அவள் தயாராக இல்லை.

இவ்வளவு ஆசை வைத்தவள் முதல் ஞாயிறே என்ன செய்தாள் என்று கேட்டால் இப்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சிரப் கேன் மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது, ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று. நஃபீசா படிக்கத்தான் செய்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "கம்பெனிக்காரன் கேனு சீக்கிரம் தீரணும்னு எழுதி வச்சிருக்கான்" என்றாள் ஜமாலிடம். சொன்ன அளவில் கலந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பல் கூசியது. அந்நேரம் பார்த்து இரண்டு பிள்ளைகளோடு வந்த ஓர் அம்மா, "அக்கா, சியூ தாய் கிடைக்குமா?" என்று கேட்டுவைத்தார். போதாதா? ஒன்றுக்கு ஒன்பது என்று தண்ணீரைக் கொட்டிக் கலந்து தொட்டியை நிரப்பினாள்.

முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் போனது. பிறகு மெஷின் முனகத் தொடங்கியது. புது மெஷின் பழைய மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரு சத்தம் இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். முனகல் கர்கர் என்று ஆனது. அப்புறம் உள்ளே ஏதோ டக்கென்று முறிந்தது. எட்டிப் பார்த்தால் தொட்டிக்குள் சிவப்பு நிறத்தில் ஒரே கட்டி. திருகு அதற்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

புதன்கிழமைதான் மெக்கானிக் ரியாஸ் வந்தான். முப்பது வயதுப் பையன், பேச்சைவிட வேலை வேகம். பல்சக்கரத்தையும் திருகையும் மாற்றிவிட்டு, மிச்சமிருந்த கலவையில் ஒரு சொட்டை எடுத்து, விரல் நீளக் குழாய் ஒன்றில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்து ஒரு கண்ணை மூடினான்.

"என்னக்கா இது, சீனி ஒன்பதுகூட இல்ல. தண்ணியத்தான் உறைய வச்சிருக்கீங்க."

"இனிப்பு அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. அதான் கொறச்சேன்."

"தே-ல கொறைங்க, யாரு வேணாங்கிறா. இங்க சீனி ருசிக்கு மட்டும் இல்லக்கா. வெறும் தண்ணி கல்லா உறையும். சீனி இருந்தாதான் அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, பொடியா, கொழகொழன்னு நிக்கும். சீனி கொறஞ்சா மெஷினு உடையும்."

"அப்ப கூடப் போட்டா?"

"கூடப் போட்டா உறையவே உறையாது. பதிமூணுலேருந்து பதினஞ்சுக்குள்ள நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வேலைக்கு ஓடிவிட்டான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் காதில் வாங்கவில்லை. உடையும் என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. இரண்டாவது ஞாயிறு பயத்தில் சிரப்பைத் தாராளமாகக் கவிழ்த்தாள். மெஷின் முனகவில்லை. முனகுவதற்கு உள்ளே ஐஸ் இருந்தால்தானே. மத்தியானம் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று மணி ஓடியது. தொட்டிக்குள் சில்லென்ற சர்பத் சளசளவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்ற ஒரு கப்பல் பட்டறைப் பையன் கோப்பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்க்காத குறையாகப் பார்த்தான். "அக்கா, ஸ்லஷ்னு போர்டு வச்சிருக்கீங்க. இது கலர் தண்ணில்ல" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நஃபீசாவுக்கு அந்த மூலையிலேயே பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது.

சாயங்காலம் முத்தையா வெளியே வந்தார். அறுபது வயது, வேட்டியை மடித்துக் கட்டமாட்டார், கோபம் வந்தாலும் குரல் உயராது. அதுதான் பயமே.

"நஃபீசாம்மா, நான் தப்பா சொல்றதா நெனைக்காதீங்க. போன வாரம் மெஷினு செத்துப் போச்சு. இந்த வாரம் உயிரோட இருந்தும் பிரயோஜனம் இல்ல. என் வாசல்ல நின்னு சனம் சிரிச்சிட்டுப் போவுது."

"அடுத்த வாரம் சரியாயிடும் அண்ணே."

"ஆவட்டும். சிம் கார்டு விக்கிற பையன் ஒருத்தன் இந்த எடத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான். அடுத்த ஞாயிறும் ஸ்லஷ் வராம நின்னுச்சுன்னா மூலைய அவனுக்குக் கொடுத்துருவேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் மனசு சங்கடப்படக்கூடாது."

வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் ஜமால் மெல்ல ஆரம்பித்தார். "விட்டுரலாம் புள்ள. நமக்கு இது சரிப்பட்டு வரல." பிஷான் நிலையம் வந்ததும் நஃபீசா சொன்னாள், "ஒரு வாரம் இருக்கு மச்சான். இந்த ஒரு வாரத்துல நான் இத ஒரு கை பாக்காம விடமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். திங்கள் காலையிலேயே ரியாஸுக்குப் போன் போட்டாள். "நீங்க கண்ணுல வச்சுப் பாத்தீங்களே, அது எனக்கு வேணும்." பிரிக்ஸ் மீட்டர் அது, தன்னிடம் பழையது ஒன்று இருக்கிறது என்று சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்தான். முதலில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் துடைத்துவிட்டுக் கலவை ஒரு சொட்டு. உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் இடத்தில் உள்ள எண்தான் சீனியின் அளவு. நஃபீசா அன்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அளந்தாள். ரோஸ் சிரப், பால், ஜமால் குடித்து மிச்சம் வைத்த தேநீர், மகள் யும்னா வாங்கி வைத்திருந்த ஆரஞ்சுச் சாறு, எதையும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஃப்ரீஸரிலிருந்த மீன், கறி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு வித்யாவிடம் கொடுத்துவைத்தாள். ஒன்பதிலிருந்து பதினேழு வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சின்னக் கோப்பை கலந்து, பேனாவால் எண் எழுதி உள்ளே அடுக்கினாள். அரைமணிக்கு ஒரு தடவை எடுத்துக் கரண்டியால் கிளறினாள். பாலிடெக்னிக் விட்டு வந்த யும்னா ஃப்ரீஸரைத் திறந்து பார்த்து, "மா, என் லேப்லகூட இவ்ளோ நீட்டா லேபிள் பண்ணமாட்டாங்க லா. But where is my ice cream?" என்றாள்.

"உன் ஐஸ்கிரீம் வித்யா அக்கா வீட்டுல. போய்ச் சாப்பிட்டுட்டு அங்கயே கொஞ்ச நேரம் இரு."

ஒன்பது எழுதிய கோப்பையில் கரண்டி வளைந்தது. பதினேழு கடைசி வரைக்கும் குழம்பாகவே கிடந்தது. பதிமூன்றிலும் பதினான்கிலும்தான் கரண்டி சுகமாக இறங்கி, அள்ளினால் அள்ளியபடி நின்றது. கேனில் எழுதியிருந்த ஒன்றுக்கு ஐந்தைக் கலந்து அளந்தாள். சரியாகப் பதினான்கு. கம்பெனிக்காரன் திருடன் இல்லை என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இன்னொரு வேடிக்கை. ஒன்பதாம் நம்பர் கோப்பை பாதி உறைந்திருந்தபோது, அதன் ஓரத்தில் நின்ற சாற்றை எடுத்து அளந்தால் மீட்டர் பதினைந்து காட்டியது. மீட்டர் கெட்டுப்போச்சு என்று ரியாஸிடம் போனில் சண்டைக்குப் போனாள். அவன் சிரித்துவிட்டான். "உறையறது தண்ணி மட்டும்தான்க்கா. சீனி எல்லாம் மிச்ச சாறுல ஒதுங்கி நிக்கும். அந்தச் சாற அளந்தா பொய்க் கணக்குதான் வரும். ஐஸ் முழுசா உருகுனதுக்கு அப்புறம் அளங்க." உருக்கிவிட்டு அளந்தாள். ஒன்பதேதான்.

எல்லாம் சரி, நாக்கை என்ன செய்வது? பதினான்கு என்றால் இனிப்புதான். சியூ தாய் கேட்பவர்களிடம் மீட்டரையா காட்ட முடியும்? வியாழன் முழுக்க அதே யோசனை. சீனியைத் தொடக்கூடாது, இனிப்பும் தெரியக்கூடாது. வெள்ளிக்கிழமை ஜமால் பள்ளிவாசலுக்குப் போன நேரம், சின்ன லிமாவ் ஒரு படி பிழிந்து தண்ணீரின் பங்கில் சேர்த்தாள். கூடவே உப்பும் புளிப்புமாய் இருக்கும் அஸாம் போய் பழத்தை நசுக்கிக் கரைத்தாள். எதைச் சேர்த்தாலும் கடைசியில் பதினான்கில் கொண்டுவந்து நிறுத்தினாள். தொழுதுவிட்டு வந்த ஜமால் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இதுல சீனி கொறச்சிட்டியா? நல்லா இருக்கே" என்றார். நஃபீசா மீட்டரை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "அட போ புள்ள, இருபத்தாறு வருஷக் கை இது. இதவிடவா அந்தக் குழாய்க்குத் தெரியும்" என்று கையைக் கழுவப் போனார்.

மூன்றாவது ஞாயிறு காலை ஒன்பதுக்கே முத்தையா கடை வாசலில் இருவரும் ஆஜர். மூன்று வாளிகளில் கலவை, ஒவ்வொன்றும் அளந்து, மூடி போட்டு, ஐஸ் பெட்டிக்குள். பதினொன்றரைக்குத் தொட்டியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஸ்லஷ் மலைபோல எழுந்து திருகோடு புரண்டது. முதல் கோப்பையை நஃபீசா கவிழ்த்துப் பார்த்தாள். விழவில்லை. கல்லாவிலிருந்து முத்தையா எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்கு மேல் வரிசை பக்கத்துக் கடை வரை நீண்டது. போன வாரம் கலர் தண்ணி என்ற பையனே இரண்டு தடவை வந்தான்.

நாலரைக்கு அஸர் தொழுகைக்கு டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்குக் கிளம்பினாள். தொட்டியில் பாதி இருந்தது. "கொறஞ்சா மூணாவது வாளியிலேருந்து ஊத்துங்க மச்சான். வேற எதையும் ஊத்தாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. வரிசை முன்னைவிட நீளம். ஜமால் முகமெல்லாம் சிரிப்பு.

"யாரு வந்தா தெரியுமா? நம்ம பழைய கடைக்குத் தெனம் வருவாரே, வெங்கடேஷ் சாரு. குடும்பத்தோட. 'ஜமால், எனக்கு வழக்கம்போல சியூ தாய்'னாரு பாரு, எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. நீ கவலப்படாத, மீட்டர்லயும் பாத்துட்டேன். பதினாலு நிக்கிது."

அவர் மீட்டரை எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாராட்ட வாயெடுத்தாள். அதற்குள் கண் தண்ணீர் ஜக்கின் மேல் விழுந்தது. கை கழுவ, மேடை துடைக்க என்று வைத்திருந்த நாலு லிட்டர் குடிதண்ணீர் ஜக். காலி.

"மச்சான், இந்தத் தண்ணி எங்க?"

ஜமால் தொட்டியைப் பார்த்தார். "சாரு சியூ தாய் கேட்டாரே. கை தன்னால போயிருச்சு. ஆனா அளந்து பாத்தேன் நஃபீசா, சத்தியமா பதினாலு."

"எதுலேருந்து அளந்தீங்க?"

"தொட்டிக் குழாயத் திறந்து அப்படியே ஒரு சொட்டு."

நஃபீசா தொட்டியை உற்றுப் பார்த்தாள். உருளையைச் சுற்றி வெள்ளைப் படலம் தடித்திருந்தது. ஸ்லஷ் பொடியாகப் புரளாமல் கட்டிகட்டியாக எழுந்து விழுந்தது. ஒரு கோப்பை பிடித்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஜமால் தேநீர் போடப் பிளாஸ்கில் வைத்திருந்த சுடுதண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி அதற்குள் டம்ளரை வைத்துச் சுழற்றினாள். வரிசையில் முதலில் நின்றவன், "அக்கா, ரெண்டு" என்றான். "ஒரு நிமிஷம் தம்பி" என்றாள். கடைசி ஐஸ் துணுக்கும் கரைந்தபிறகு ஒரு சொட்டு எடுத்தாள். எட்டரை.

அப்போதுதான் மெஷின் முனகியது. முதல் ஞாயிறு கேட்ட அதே முனகல்.

கல்லாவிலிருந்து முத்தையா பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே ஓடவிட்டால் ஒருவேளை ஆறரை வரை தாங்கலாம், கூட்டமும் கலைந்துவிடும், மூலையும் தப்பிக்கும். தாங்காமலும் போகலாம். நிறுத்தினால் நிச்சயம் ஒரு மணி நேரத்துக்குக் கடை இல்லை, வரிசை கண்ணெதிரே கலையும், ஸ்லஷ் வராமல் நின்றால் மூலை போச்சு என்று அவர் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. மெஷின் இன்னொரு தடவை முனகியது. நஃபீசா கையை நீட்டிக் குளிர் சுவிட்சை அணைத்தாள். திருகு மட்டும் சுழலட்டும் என்று விட்டாள்.

"தம்பிகளா, கலவை தப்பாயிருச்சு. சரிபண்ண ஒரு மணி நேரம் ஆகும். காத்திருக்கிறவங்க இருங்க, அவசரம் இருக்கிறவங்க போயிட்டு வாங்க. தப்பான சாமான நான் கொடுக்க மாட்டேன்."

பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். முத்தையா வெளியே வந்தார்.

"நின்னுருச்சா?"

"நிக்கல அண்ணே. நான் நிறுத்தினேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஸ்லஷ் இல்ல."

"ஒண்ணு இல்ல அண்ணே." நஃபீசா தொட்டியைக் காட்டினாள். "முதல் வாரம் இதே சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல, ஓடவிட்டேன், உடைஞ்சிருச்சு. இன்னைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஓடவிட மாட்டேன். இதுக்காக மூலைய எடுத்துக்குவீங்கன்னா எடுத்துக்கங்க. உங்க எடம். ஆனா இந்தத் தொட்டியச் சரிபண்ணிக் காட்டிட்டுத்தான் நான் எடத்த விட்டு நகருவேன்."

"யாரு கெடுத்தது?"

தானே கெடுத்ததாகச் சொல்லிவிடலாம் என்று நஃபீசா வாயெடுப்பதற்குள் ஜமால் முன்னால் வந்தார். வரிசையில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் முத்தையா. எதையும் ஊத்தாதன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனா. எனக்கு என் கை மேல கொழுப்பு. நாலு லிட்டர் பச்சத் தண்ணிய ஊத்திட்டேன். அவ பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் தன் கை தப்பு செய்ததாக ஒருவரிடமும் சொன்னதில்லை. நஃபீசாவுக்கு அப்போது அழ நேரமில்லை. "மச்சான், சிரப் கேன எடுங்க. அந்தச் சின்ன அளவுக் கோப்பையும்" என்றாள்.

முத்தையா உள்ளே போகவில்லை. பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். ஐஸ் இளகட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு நஃபீசா நூறு மில்லி நூறு மில்லியாகச் சிரப்பை ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கலக்கவிட்டு, டம்ளரில் பிடித்து, சுடுதண்ணீரில் வைத்து உருக்கி அளந்தாள். பத்தரை. பன்னிரண்டு. அவசரப்பட்டு மொத்தமாகக் கவிழ்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். எட்டாவது கோப்பைக்குப் பிறகு மீட்டரை ஜமாலிடம் நீட்டினாள். "நீங்க பாருங்க."

அவர் வெளிச்சத்துக்குத் திரும்பி ஒரு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் பார்த்தார். "பதினாலு."

"உருகிருச்சா நல்லா?"

"உருகிருச்சு. ஒரு துணுக்கு இல்ல."

கொஞ்சம் லிமாவ் பிழிந்து புளிப்பைச் சரிக்கட்டினாள். மறுபடியும் அளந்துவிட்டுத்தான் குளிர் சுவிட்சைப் போட்டாள். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை, நிற்க வேண்டியதுதான். அந்த நாற்பது நிமிடம் அவள் கண் தொட்டியை விட்டு அகலவில்லை. பத்துப் பன்னிரண்டு பையன்கள் நடைபாதை ஓரத்தில் குந்திப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து தொட்டியைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், போய் உட்காருவான். முத்தையாவின் கடைக்குள் வெங்காயம் வாங்க வந்தவர்கள்கூட என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு நின்றார்கள்.

முதலில் உருளையைச் சுற்றி மெல்லிய வெண்மை. திருகு அதைச் சுரண்டியது. சாறு கலங்கி, கெட்டியாகி, பொடிப்பொடியாக மேலே எழுந்து புரண்டது. முனகல் இல்லை. நஃபீசா ஒரு கோப்பை பிடித்துக் கவிழ்த்தாள். அசையவில்லை.

முதல் கோப்பையை முத்தையாவிடம் கொண்டுபோனாள். அவர் வாங்கி, ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இன்னொரு கரண்டி எடுத்தார். பாதியைத் தின்று முடித்தபிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

"தம்பி, முத்தையா பேசுறேன். அந்த எடம் கேட்டியே... இல்லப்பா, காலி இல்ல. ஆள் இருக்காங்க. இல்ல, அடுத்த மாசமும் இல்ல. நீ வேற எடம் பாத்துக்க."

நஃபீசா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை. வரிசை மறுபடியும் சேர்ந்துகொண்டிருந்தது. ஜமால் கோப்பைகளை அடுக்கிக் கொடுத்தார்.

முத்தையா காலிக் கோப்பையைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். "நஃபீசாம்மா, அடுத்த வாரத்துலேருந்து பத்து மணிக்கே ஆரம்பிச்சிருங்க. பத்துக்கே கூட்டம் வந்துருது."

"பத்து மணிக்குள்ள கட்டியாகும்னு சொல்ல முடியாது அண்ணே" என்றாள் நஃபீசா, அடுத்த கோப்பையைக் குழாயடியில் பிடித்தபடி. "நான் விடிஞ்சதும் வந்து நிக்கிறேன். ஆனா அது ஆகுறதுக்கு முன்னாடி, நீங்களே கேட்டாலும் ஒரு கோப்பை கொடுக்க மாட்டேன்."